செவ்வாய்க்கிழமை லீவு யாருக்கு வேண்டும்?

2025 ஜனவரியில் வெளியான எல் அண்ட் டி தலைவர் எஸ்.என். சுப்ரமணியனின் பேச்சு உங்களுக்கு மறந்திருக்காது. வாரத்துக்கு 90 மணி நேரம் உழைக்க வேண்டும், ஞாயிற்றுக்கிழமையும் உங்களை வேலைக்கு வரவைக்க முடியவில்லையே என்று வருத்தமாக இருக்கிறது, வீட்டில் உட்கார்ந்து பெண்டாட்டி முகத்தை எவ்வளவு நேரம்தான் பார்த்துக்கொண்டிருப்பீர்கள் என்று தம் ஊழியர்களிடம் கேட்டார். நாடே கொதித்தது. கேலிப் படங்கள் பறந்தன. அதற்கு முன் 2023 அக்டோபரில் இன்ஃபோசிஸ் நாராயணமூர்த்தி 70 மணி நேரம் என்றபோதும் இதே கூச்சல்தான். டிவியில் டாக்டர்கள், மனநல ஆலோசகர்கள், ஐ.டி. கம்பெனிக்காரர்கள் எல்லோரும் உட்கார்ந்து, வேலைக்கும் வீட்டுக்கும் நடுவில் சமநிலை வேண்டும் என்று பேசினார்கள். உட்கார்ந்துதான் பேசினார்கள். அதைக் கவனித்தேன்.

நான் நாகர்கோவிலில் ஒரு ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் நிற்கிறேன். வேலை பார்க்கிறேன் என்று எழுத வந்து, நிற்கிறேன் என்றுதான் கை எழுதுகிறது. காலையில் ஒன்பதுக்குள் விரல் வைக்க வேண்டும். தாமதமானால் அரைநாள் சம்பளம் போகும். ராத்திரி ஒன்பதுக்கு ஷட்டர் பாதி இறங்கும். அதற்குப் பிறகு, வாடிக்கையாளர்கள் பிரித்துப் போட்ட சேலைகளை மடித்து ரேக்கில் ஏற்றி, கைப்பையைத் திறந்து காட்டிவிட்டு வெளியே வரும்போது ஒன்பதரை ஆகிவிடும். வாரத்துக்கு ஆறு நாள். கூட்டிப் பாருங்கள், 72 மணி நேரத்துக்கு மேல் வரும். நாராயணமூர்த்தி சொன்னதை நாங்கள் எப்போதோ தாண்டிவிட்டோம். எங்களைப் பற்றி ஒரு விவாதமும் நடக்கவில்லை. நாங்கள் தேசத்தைக் கட்டவில்லை, சேலைதான் மடிக்கிறோம். அதனால் இருக்கலாம்.

நான் பி.ஏ. வரலாறு படித்தவள். எங்கள் பிரிவில் எம்.காம். ஒருத்தி இருக்கிறாள், பி.எட். முடித்தவள் ஒருத்தி இருக்கிறாள். 2011 கணக்கெடுப்பில் கன்னியாகுமரி மாவட்டத்தின் எழுத்தறிவு 91.75 சதவீதம், தமிழ்நாட்டிலேயே முதலிடம் என்று மேடைக்கு மேடை சொல்வார்கள். அந்தச் சதவீதத்தை நேரில் பார்க்க வேண்டுமானால் மணிமேடையிலிருந்து நடந்து எந்த ஜவுளிக்கடைக்குள்ளாவது நுழையுங்கள். கவுண்டருக்குப் பின்னால் யூனிஃபார்ம் போட்டு நிற்கும். படித்தவர்கள் இத்தனை பேர், தொழிற்சாலை விரல்விட்டு எண்ணும் அளவு. வசதிப்பட்டவர்கள் விடியக்காலை ரயிலேறித் திருவனந்தபுரம் போகிறார்கள், இன்னும் துணிந்தவர்கள் கல்ஃபுக்குப் போகிறார்கள். மாமியாரையும் பிள்ளைகளையும் விட்டுப் போக முடியாதவர்கள் கடைக்கு வருகிறோம். வீட்டை விட்டுப் போகாமல் இருக்கத்தான் இந்த வேலை. இதைச் சொல்லும்போதே எனக்குத் தொண்டை அடைக்கிறது, கோபத்தில்.

மணி நேரத்தைப் பற்றி மட்டும் நான் புலம்பவில்லை. எங்கள் பக்கம் உழைப்புக்கு அஞ்சினவர்கள் யாரும் கிடையாது. என் அம்மா விடியற்காலையில் எழுந்து கயிறு முறுக்கினாள், முந்திரிக்கொட்டை உடைத்தாள், விரல் முழுக்கக் கறுத்துப் போயிருந்தது. ஆனால் சாயங்காலம் விளக்கு வைக்கும் நேரத்துக்கு அவள் வீட்டில் இருந்தாள். அந்த நேரத்தில்தான் பிள்ளைகள் வாய் திறக்கும். பள்ளிக்கூடத்தில் யார் அடித்தார்கள், யாரோடு பேசுவதில்லை, எந்த டீச்சர் என்ன சொன்னாள் என்பதெல்லாம் ஆறு மணிக்கும் எட்டு மணிக்கும் நடுவில் வெளியே வருகிற விஷயங்கள். நான் ஒன்பதேமுக்கால் பஸ்ஸைப் பிடித்து, சுசீந்திரம் தாண்டி மயிலாடியில் இறங்கி, வீட்டுக்குள் நுழையும்போது பத்தரை ஆகும். இரண்டு பிள்ளைகளும் தூங்கியிருக்கும். இட்லிப் பானையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு மாமி சுவரைப் பார்த்துப் படுத்திருப்பாள். கேட்டால் ஒன்றும் சொல்லமாட்டாள். ஒன்றும் சொல்லாத மாமியார் எவ்வளவு பெரிய தண்டனை என்று மருமகள்களுக்குத் தெரியும்.

லீவு தருகிறோமே என்பார்கள். தருகிறார்கள். எனக்குச் செவ்வாய்க்கிழமை.

செவ்வாய்க்கிழமை என் மகள் பள்ளிக்கூடத்தில் இருப்பாள். மகன் பள்ளிக்கூடத்தில் இருப்பான். அவிய, என் வீட்டுக்காரர், கல்பட்டறையில் அம்மனுக்குக் கண் திறந்துகொண்டிருப்பார். அண்ணன் குடும்பம், அக்கா குடும்பம் எல்லாம் அவரவர் வேலையில். செவ்வாய்க்கிழமை எந்தக் கல்யாணமும் இல்லை, சடங்கும் இல்லை. ஒருத்தி மட்டும் வீட்டில் இருந்து துணி துவைத்து, ரேஷன் கடைக்குப் போய், ஒருவார மிச்ச வேலையைத் தீர்த்து, சாயங்காலம் பிள்ளைகள் வரும்போது அசந்து கிடக்கிற நாளுக்குப் பெயர் வார விடுமுறை. எல்லோரும் வீட்டில் இருக்கும் ஞாயிற்றுக்கிழமை நான் கவுண்டரில் நிற்கிறேன். அன்றைக்குத்தான் கூட்டம். ஞாயிற்றுக்கிழமை லீவு எடுத்தால் ஒரு நாளைக்கு இரண்டு நாள் சம்பளம் பிடிப்பார்கள். எந்தச் சட்டத்தில் இது இருக்கிறது என்று கேட்டவளை அடுத்த மாதம் குடோனுக்கு மாற்றினார்கள்.

ஒரு ஞாயிறு மதியம் எங்கள் சபை ஐயரம்மா, போதகரின் மனைவி, கடைக்கு வந்தார். ஆராதனை முடிந்து, அதே பட்டுச்சேலையோடு. நான்தான் எடுத்துக் காட்டினேன். மாம்பழக் கலர், அரக்கு பார்டர், மயில்கழுத்து என்று முப்பது நாற்பது சேலையைப் பிரித்த பிறகு மெதுவாகக் கேட்டார்: "என்ன மக்ளே, கொஞ்ச நாளா சபையில காணல்லியே? பிள்ளைய மட்டும் வருது?" என்ன பதில் சொல்ல? நீங்கள் ஞாயிற்றுக்கிழமை சேலை எடுக்க வருகிறீர்கள், அதனால் நான் சபைக்கு வரவில்லை என்றா? "வேலம்மா" என்று சிரித்தேன். சூப்பர்வைசர் பார்த்துக்கொண்டிருந்தார், சிரித்துத்தான் ஆக வேண்டும். ஐயரம்மா நல்லவர், ஜெபிக்கிறேன் என்று சொல்லிவிட்டு இரண்டு சேலை எடுத்துப் போனார்.

வரலாறு படித்ததால் வருகிற கஷ்டம் ஒன்று உண்டு. மறக்க முடியாது. எங்கள் மயிலாடியில்தான் 1806-இல் மிஷனரி ரிங்கல்தோபே வந்து இறங்கினார், 1809-இல் முதல் ஆலயம் எழும்பியது. அந்தக் காலத்தில் திருவிதாங்கூரில் எங்கள் முன்னோர்கள் சர்க்காருக்கு ஊழியம் செய்தார்கள். கூலி கிடையாது. கோட்டைக்கும் கோயிலுக்கும் விறகு சுமப்பது, ஓலை வெட்டிக் கொடுப்பது, யானைக்குத் தழை கொண்டு போவது என்று கூப்பிட்ட நேரத்துக்குப் போக வேண்டும், போகாவிட்டால் அடி. கர்னல் மன்றோ பிரிட்டிஷ் ரெசிடெண்டாக இருந்த நாட்களில், கிறிஸ்தவர்களை ஞாயிற்றுக்கிழமை ஊழியத்துக்கு இழுக்கக் கூடாது என்று உத்தரவு வாங்கினார்கள். பக்கத்தில் சாமித்தோப்பில் அய்யா வைகுண்டர் அந்த ஊழியத்தையும் வரியையும் எதிர்த்துப் பேசித் திருவனந்தபுரத்தில் சிறையில் கிடந்தார். இவ்வளவும் நடந்து கிட்டத்தட்ட 200 வருஷம் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமை என்னைக் கூப்பிடாதே என்று சர்க்காரிடம் சொல்லி வாங்கிய ஊரில் பிறந்த நான், ஞாயிற்றுக்கிழமை என்னைக் கூப்பிடாதீர்கள் என்று ஒரு ஃப்ளோர் மேனேஜரிடம் சொல்ல முடியாமல் நிற்கிறேன். எனக்குச் சம்பளம் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. பத்தாயிரம் சொச்சம். அதுதான் வித்தியாசம் என்றால் அந்த வித்தியாசத்தைச் சொல்லவே எனக்கு வெட்கமாக இருக்கிறது.

சட்டம் இல்லாமல் இல்லை. 1947-இல் இருந்தே தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் இருக்கிறது. நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48. அதற்கு மேல் நின்றால் இரட்டைச் சம்பளம், அதற்கும் ஒரு வரம்பு. நான்கு மணி நேரத்துக்கு ஒரு தடவை ஒரு மணி நேர ஓய்வு. எங்களுக்குச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம், அதில் மாடிப்படி ஏறி இறங்குவதும் பாத்ரூம் வரிசையும் சேர்த்தி. இரட்டைச் சம்பளம் என்ற வார்த்தையைக் கடைக்குள் நான் கேட்டதே இல்லை. 24 மணி நேரமும் கடை திறக்கலாம் என்று 2019-இல் அரசாணை போட்டார்கள், 2022-இல் அதை நீட்டினார்கள். அதில் பெண்களை இரவு எட்டு மணிக்கு மேல் நிறுத்தக் கூடாது, அவர்கள் எழுத்துமூலம் சம்மதித்தால் மட்டும் நிறுத்தலாம் என்று ஒரு வரி இருக்கிறது. எவ்வளவு அழகான வரி! வேலைக்குச் சேர்ந்த அன்று ஆதார் நகல், போட்டோ, அப்பா பெயர் என்று வாங்கிய கட்டுக்குள் ஒரு தாளில் கையெழுத்து போட்டேன். அதுதான் என் சம்மதம். போடாதவர்களுக்கு வேலை இல்லை.

2023 ஏப்ரல் 21-ஆம் தேதி, தொழிற்சாலைகளில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்தத்தைச் சட்டமன்றத்தில் நிறைவேற்றினார்கள். கூட்டணிக் கட்சிகளே எழுந்து வெளிநடப்பு செய்தன. தொழிற்சங்கங்கள் தெருவுக்கு வந்தன. பத்தே நாளில், மே தினத்தன்று, முதலமைச்சர் அதை வாபஸ் வாங்குவதாக அறிவித்தார். பஸ்ஸில் நின்றுகொண்டு செல்போனில் அந்தச் செய்தியைப் படித்தபோது மணி ராத்திரி பத்து. பன்னிரண்டு மணி நேர வேலை இந்த நாட்டில் வரவே கூடாது என்று அத்தனை பேர் கத்தியிருக்கிறார்கள், நான் அதை முடித்துவிட்டு வீட்டுக்குப் போய்க்கொண்டிருக்கிறேன். எங்களுக்கு மசோதா வேண்டியிருக்கவில்லை. எதிர்க்கவும் ஆள் வேண்டியிருக்கவில்லை. தொழிற்சாலைக்குச் சங்கம் இருக்கிறது. கடைக்கு ஒரு சூப்பர்வைசர் இருக்கிறார்.

ஸ்டூல் கதையையும் சொல்லிவிடுகிறேன். கேரளத்தில் கோழிக்கோட்டுத் தையல்காரி விஜியும் அவரோடு சேர்ந்த பெண்களும் கடைகளில் உட்காரும் உரிமைக்காக வருஷக்கணக்கில் போராடினார்கள். திருச்சூரில் ஜவுளிக்கடைப் பெண்கள் தெருவில் உட்கார்ந்தார்கள். 2018-இல் அங்கே சட்டம் திருத்தப்பட்டது. எல்லையில் இருக்கும் களியக்காவிளைக்கு அந்தப் பக்கம் நிற்பவள் உட்காரலாம், இந்தப் பக்கம் நிற்பவள் உட்காரக் கூடாது என்று மூன்று வருஷம் இருந்தோம். 1956-இல் எங்கள் மாவட்டம் தாய்த் தமிழகத்தோடு சேர்ந்ததற்காக வருத்தப்படவில்லை. ஆனால் அந்த மூன்று வருஷம் கொஞ்சம் நினைத்துப் பார்த்தேன். பிறகு 2021 செப்டம்பரில் நம் சட்டமன்றத்திலும் அந்த 1947 சட்டத்தில் 22-ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். வேலை செய்கிறவர்கள் எல்லோருக்கும் இருக்கை கொடுக்க வேண்டும், வேலைக்கு நடுவில் வாய்ப்பு கிடைக்கும்போது உட்கார விட வேண்டும். ஸ்டூல் வந்தது. எட்டுப் பேருக்கு இரண்டு ஸ்டூல், பிளாஸ்டிக். முதல் வாரம் உட்கார்ந்தோம். இரண்டாவது வாரம், "மேல கேமராவுல முதலாளி பாக்காரு, சும்மா இருக்கிய மாதிரி தெரியும்" என்றார்கள். மூன்றாவது வாரம் ஒரு ஸ்டூலில் பிரிக்காத பார்சலை வைத்தார்கள். இன்னொன்று, சேலை எடுக்க வருகிற பெரியம்மாக்களுக்கு. சோதனைக்கு ஆள் வருகிற அன்று இரண்டும் துடைத்து வரிசையாக நிற்கும்.

என் இடது காலில் முழங்காலுக்குக் கீழே நரம்பு நீலமாகப் புடைத்துச் சுருண்டு கிடக்கிறது. ஆஸ்பத்திரியில் காட்டினேன். ரொம்ப நேரம் நிற்காதீர்கள் என்றார் டாக்டர். என்ன வேலை என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

2010-இல் அங்காடித் தெரு படம் வந்தபோது ஊரே அழுதது. வசந்தபாலன் இயக்கம், வசனம் நம்ம நாகர்கோவிலில் இருக்கிற ஜெயமோகன். தி.நகரில் வேலை பார்க்கிற பிள்ளைகளை நினைத்து எங்கள் ஊர்க்காரர்கள் தியேட்டரில் மூக்கைச் சிந்தினார்கள். அப்போது நான் கல்லூரியில் இருந்தேன். நானும் சிந்தினேன். படம் விட்டு வெளியே வந்து, வழியில் ஒரு கடையில் நுழைந்து சுடிதார் பார்த்தோம். எடுத்துக் காட்டிய அக்காவின் முகம் எனக்கு நினைவில்லை.

சரி, எழுதாமல் விட நினைத்ததை எழுதுகிறேன். எனக்கு எரிகிற இடம் இதுதான்.

ஆடித் தள்ளுபடி. கடையில் கால் வைக்க இடமில்லை. செல்போனை உள்ளே கொண்டுபோகக் கூடாது, வாசலில் பெட்டியில் போட்டுவிட வேண்டும். ஏதாவது அவசரம் என்றால் வீட்டிலிருந்து கடை நம்பருக்குக் கூப்பிடலாம், அங்கே உள்ளவர்கள் மாடிக்குச் சொல்லி அனுப்புவார்கள் என்பது ஏற்பாடு. அன்றைக்கு மதியம் இரண்டு மணிக்கு முன்பே மாமி கூப்பிட்டிருக்கிறாள். மகள் சமைஞ்சிட்டா, பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டி வந்தாச்சு, அவ அம்மைய வரச் சொல்லுங்க. சேதி மாடிக்கு வந்தது. என்னிடம் வரவில்லை. "நல்ல சேதிதான, எங்கயும் ஓடியா போகும்? கூட்டம் கொறையட்டும், சொல்லிக்கலாம்" என்று சூப்பர்வைசர் வைத்துக்கொண்டாராம். நாலு மணிக்கு மாமி மறுபடியும் கூப்பிட்டாள். ஆறு மணிக்கு அவிய கூப்பிட்டார். எனக்குச் சொன்னபோது எட்டரை. சிரித்துக்கொண்டு சொன்னார்கள், "ட்ரீட் எங்க?" என்று கேட்டுக்கொண்டு. இரண்டு மணியிலிருந்து எட்டரை வரைக்கும் நான் யார் யாருக்கோ சேலை விரித்துக் காட்டியிருக்கிறேன். ஒரு பெண் தன் மகளின் சடங்குக்குப் பட்டுப்பாவாடை எடுக்க வந்தாள், அவளுக்கும் நான்தான் காட்டினேன், தங்க நிறத்தில் நன்றாக இருக்கும் என்று சொன்னேன்.

வீட்டுக்குப் போனபோது பிள்ளை விழித்திருந்தாள். மாமி எல்லாம் செய்து முடித்திருந்தாள். அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்து, தண்ணீர் ஊற்றி, உளுந்தங்களியும் முட்டையும் கொடுத்து, போயும் விட்டார்கள். "நீ ஏம்மா வரல்ல, பாட்டி அப்பவே போன் பண்ணினாளே" என்றாள் மகள். பயந்து போயிருந்திருக்கிறாள். பயந்த நேரத்தில் கேட்பதற்கு அவளிடம் ஏதோ இருந்தது, அதை யாரிடமோ கேட்டுவிட்டாள், அல்லது கேட்காமலே விழுங்கிவிட்டாள். அந்த ஆறரை மணி நேரத்தை எனக்கு யார் திருப்பித் தருவார்கள்? எந்த ஓவர்டைம் கணக்கில் அதை எழுதுவது? கடையில் ஒரு வார்த்தை கேட்டேன். "ஆடி டைம்லயா அனுப்ப முடியும், நீங்களே சொல்லுங்க" என்று என்னிடமே திருப்பினார்கள். மறுநாள் காலை ஒன்பதுக்கு விரல் வைத்தேன். வைக்காமல் என்ன செய்ய, சடங்குக்குப் பணம் வேண்டுமே.

இந்த ஊரில் எல்லோருடைய பண்டிகையும் எங்கள் கால்மேல்தான் நடக்கிறது. ஓணம், தீபாவளி, கோட்டாறு சவேரியார் திருவிழா, கிறிஸ்துமஸ், பொங்கல். 1958-ஆம் வருஷச் சட்டப்படி பண்டிகை விடுமுறை உண்டு, டிசம்பர் 25 கடை அடைப்பார்கள். ஆனால் 24? 24-ஆம் தேதி ராத்திரி பன்னிரண்டு வரை விற்பனை. மாமி முந்திரிக்கொத்து சுடுவாள், பிள்ளைகள் குடில் கட்டி நட்சத்திரம் தொங்கவிடுவார்கள், கேரல் பாடுகிறவர்கள் வீடு வீடாக வருவார்கள். விடியற்காலை ஆராதனையில் பெஞ்சில் சாய்ந்து தூங்கிவிடுவேன். மகன் என் தோளைத் தட்டி எழுப்புவான். ஐயர் சமாதானத்தைப் பற்றிப் பிரசங்கம் செய்துகொண்டிருப்பார்.

முதலாளியைத் திட்டி எழுதுகிறேன் என்று நினைப்பவர்களுக்கு ஒன்று. அவரும் ஞாயிற்றுக்கிழமை கல்லாவில் உட்கார்ந்திருக்கிறார். உட்கார்ந்துதான், இருந்தாலும் இருக்கிறார். கேட்டால், எதிர்க்கடைக்காரன் திறக்கும்போது நான் மட்டும் எப்படி அடைக்க என்பார். எதிர்க்கடைக்காரரும் அதையேதான் சொல்வார். இரண்டு பேரையும் ஒரே நாளில் அடைக்கச் சொல்ல ஒரு அரசாங்கத்தால் முடியும். ஒவ்வொரு கடையும் வாரத்தில் ஒரு நாள் முழுதாக அடைத்திருக்க வேண்டும் என்று அந்த 1947 சட்டத்திலேயே இருந்தது, விலக்கு கொடுத்துக் கொடுத்துத்தான் அது தேய்ந்துபோனது. நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது ஞாயிற்றுக்கிழமை நாகர்கோவில் கடைத்தெருவில் ஈ ஆடாது. அதனால் யாரும் சேலை இல்லாமல் கிடக்கவில்லை.

புனேயில் ஒரு பெரிய கணக்குத் தணிக்கை நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்த கொச்சிப் பெண், 26 வயது, 2024 ஜூலையில் செத்துப்போனாள். வேலைப்பளுதான் என் மகளைக் கொன்றது என்று அவள் அம்மா நிறுவனத்தின் தலைவருக்குக் கடிதம் எழுதினார். அந்தக் கடிதத்தை நான் முழுதாகப் படித்தேன். ஆஸ்திரேலியாவில் அதே வருஷம் ஆகஸ்டில், வேலை நேரம் முடிந்த பிறகு முதலாளி கூப்பிட்டால் போனை எடுக்காமல் இருக்க உரிமை என்று சட்டம் அமலுக்கு வந்தது. எனக்கு அதற்கு நேர் எதிரான சட்டம் வேண்டும். வேலை நேரத்தில் வீட்டிலிருந்து கூப்பிட்டால் எடுக்க உரிமை.

வேற வேலை பாருங்களேன் என்று சொல்கிறவர்கள் வாயை மூடிக்கொள்ளலாம். பார்த்தாச்சு.

இந்த வருஷம் டிசம்பர் 24-க்கு ஆள் எழுதும்போது நான் ஒரு வெள்ளைத் தாள் கொடுக்கப் போகிறேன். சேர்ந்த அன்று எட்டு மணிக்கு மேல் நிற்கச் சம்மதம் என்று போட்ட கையெழுத்தைத் திரும்பப் பெறுகிறேன் என்று எழுதி, தேதி போட்டு, ஒரு நகல் தொழிலாளர் உதவி ஆணையர் அலுவலகத்துக்கு. இன்னும் நாலு பேர் கையெழுத்து போடுவதாகச் சொல்லியிருக்கிறார்கள், இரண்டு பேராவது போடுவார்கள். வேலை போனால் போகட்டும் என்று வீரமாகச் சொல்ல எனக்கு வசதி கிடையாது. வேலை போகக் கூடாது. மகனுக்கு ஃபீஸ் கட்ட வேண்டும், வாங்கிய கடன் நிற்கிறது. எட்டு மணிக்கு நான் கடையை விட்டு இறங்கவும் வேண்டும். இரண்டும் எனக்கு வேண்டும்.